கரஸ்ல படிக்கிற அம்மா, அக்கா, அண்ணி... அவங்களுக்குத் தேவை புத்தகம் மட்டும் இல்லீங்க!

காலை ஏழரை மணிக்கு ஓ.எம்.ஆர் பக்கம் நின்னு பாருங்க. சோழிங்கநல்லூரைத் தாண்டி நாவலூர், படூர், கேளம்பாக்கம் என்று வரிசை கட்டி ஓடும் காலேஜ் பஸ்கள். மெட்ரோ வேலைக்காக அடைத்து வைத்திருக்கும் ரோட்டில் அவை நகரவே அரை மணி நேரம் ஆகும். கலை அறிவியல் கல்லூரி, இன்ஜினீயரிங் கல்லூரி, நிகர்நிலைப் பல்கலைக்கழகம்... இந்த ஒரே ரோட்டில் எல்லாமே இருக்கு.

ஆனால், அந்த பஸ்ஸில் ஏற முடியாமல் போன பெண்களும் இதே ரோட்டில்தான் இருக்கிறார்கள். ப்ளஸ் டூ முடித்த கையோடு கல்யாணமாகி, கணவரின் ஐ.டி வேலைக்காக நாவலூர் அபார்ட்மென்ட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள். செம்மஞ்சேரியில் இருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு வருகிறவர்கள். சிறுசேரி சிப்காட்டில் டிப்ளமோவோடு வேலைக்குச் சேர்ந்து, 'டிகிரி இல்லையே' என்ற ஒரே காரணத்தால் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள். ஏன், உங்கள் அம்மாவே கூட இருக்கலாம்!

இவர்களில் யாராவது ஒருநாள், "நான் கரஸ்ல ஒரு டிகிரி போடலாமானு பார்க்குறேன்" என்று மெதுவாக ஆரம்பிப்பார். வீட்டில் உடனே வரும் பதில் என்ன? "தாராளமா படியேன், வீட்டுல இருந்துதானே படிக்கப்போறே!"

கேட்க நல்லாத்தான் இருக்கு. பிரச்னை தொடங்குவதே அந்த 'வீட்டுல இருந்துதானே' என்ற இடத்தில்தான். எப்படினு பார்ப்போம்.

முதல்ல, இந்த 'கரஸ்' எங்கிருந்து வந்தது?

கரஸ்பாண்டன்ஸ் கோர்ஸ் என்பதை நம் ஊரில் சுருக்கி, 'கரஸ்' ஆக்கி அரை நூற்றாண்டு ஆகிறது. இந்தியாவில் டெல்லி பல்கலைக்கழகம் 1962-ல் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-லும் இந்தப் பாதைக்கு வந்தன. 1985-ல் நாடாளுமன்றச் சட்டம் மூலமாக இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. 2002-ல் தமிழ்நாடு அரசே தனியாக ஒரு சட்டம் போட்டு, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை உருவாக்கியது. சைதாப்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கிறது.

உலக அளவில் இது இன்னும் பழைய கதை. லண்டன் பல்கலைக்கழகம் 1858-லேயே, வெளியூரில் இருப்பவர்களும் படித்துப் பரீட்சை எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. 1969-ல் இங்கிலாந்தில் 'ஓப்பன் யுனிவர்சிட்டி' உருவாகி, 1971-ல் முதல் மாணவர்கள் படிக்கத் தொடங்கினார்கள். அதன் தாக்கத்தில் வந்த ஒரு நாடகம்தான் 'எஜுகேட்டிங் ரீட்டா'. சலூனில் முடிவெட்டும் ஓர் இளம்பெண் கல்யாணத்துக்குப் பிறகு படிக்க வருகிறாள். வீட்டில் கணவனுக்கு அது பிடிக்கவில்லை. 1983-ல் சினிமாவாகவும் வந்தது. லிவர்பூல் கதையாக இருந்தாலும், லேசாக மாற்றினால் நாவலூர்க் கதையும் அதுதான்.

அன்று தபாலில் புத்தகம் வந்தது. இன்று புத்தகம், வகுப்பு, அசைன்மென்ட், ஹால் டிக்கெட் எல்லாம் போனிலேயே வருகிறது. இக்னோவின் பாடப் புத்தகங்களை 'இ-ஞான்கோஷ்' தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். சேருவதற்கு முன்பே இரண்டு பாடத்தைப் புரட்டிப் பார்த்து, 'இது நமக்கு ஒத்துவருமா' என்று முடிவு செய்யலாம். இது எத்தனையோ பேருக்குத் தெரியாத நல்ல விஷயம்.

'கரஸ் டிகிரியெல்லாம் ஒரு டிகிரியா?'

பெரியப்பா ஒருவர் கண்டிப்பாக இதைக் கேட்பார். பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளுக்கான யு.ஜி.சி-யின் 2020 விதிமுறைகளின்படி, அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் தொலைநிலை வழியில் தரும் பட்டம், கல்லூரிக்கு நேரில் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம். 2022 செப்டம்பரில் யு.ஜி.சி இதை மறுபடியும் தெளிவாக அறிவித்தது.

இதில் 'அங்கீகாரம் பெற்ற' என்ற வார்த்தைக்கு அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால், யாருமே போடாத ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு டிகிரிக்கு எத்தனை மணி நேரம்?

இக்னோவில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. புத்தகம் படிப்பது, வகுப்பு கேட்பது, அசைன்மென்ட் எழுதுவது எல்லாம் சேர்த்துத்தான் இந்த 30 மணி நேரம். அங்கே மூன்று வருட பொது பி.ஏ-வுக்கு 132 கிரெடிட் வைத்தார்கள். பெருக்கினால் 3,960 மணி நேரம்.

இதை மூன்று வருடங்களுக்குப் பங்கு போடுங்கள். ஞாயிறு, தீபாவளி, பொங்கல், காய்ச்சல் எதையும் விடாமல் தினமும் கிட்டத்தட்ட 3 மணி 37 நிமிடம் படிக்க வேண்டும்!

சரி, அந்த நேரம் ஒரு குடும்பத் தலைவியிடம் எங்கே இருக்கு?

மத்திய அரசு 2024-ல் நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. சம்பளம் இல்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடங்களை அதில் செலவழிக்கிறார்கள். அதே வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவழிப்பது 88 நிமிடங்கள். கவனிங்க, இது வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரி. டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத ஆண்கள் இந்தக் கணக்கில் வரவே இல்லை. குழந்தைகளை, வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் நேரமும் இதில் சேரவில்லை. அது தனிக்கணக்கு.

இரண்டுக்கும் வித்தியாசம் 201 நிமிடங்கள். அதாவது 3 மணி 21 நிமிடம்.

பி.ஏ-வுக்குத் தினமும் தேவைப்படும் நேரம் 3 மணி 37 நிமிடம். பெண்கள் கூடுதலாகச் செய்யும் வீட்டு வேலை 3 மணி 21 நிமிடம். இரண்டு எண்ணும் இவ்வளவு பக்கத்தில் வருவது தற்செயல்தான். ஆனால், அதன் அர்த்தம் தெளிவாக இருக்கிறது. ஒரு டிகிரிக்கான நேரம் ஏறக்குறைய முழுசாகவே பாத்திரம் துலக்குவதிலும், துணி மடிப்பதிலும் போய்க்கொண்டிருக்கிறது.

இன்னொரு கணக்கும் இருக்கு. மூன்று வருடப் படிப்பை அதிகபட்சம் ஆறு வருடங்களில் முடிக்க இக்னோ அனுமதிக்கிறது. ஆறு வருடங்களாகப் பிரித்தால், தினமும் 1 மணி 48 நிமிடம் போதும். வீட்டு வேலையை ஆணும் பெண்ணும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டால் பெண்ணுக்கு மிச்சமாகும் நேரம்? 1 மணி 40 நிமிடம்!

ஆகவே, "வீட்டுல இருந்துதானே படிக்கப்போறே" என்று சொல்லும் வீடு, அடுத்த வரியாக "அப்போ ராத்திரிப் பாத்திரம் நாங்க பார்த்துக்குறோம்" என்று சொன்னால்தான் அந்த அனுமதிக்கு அர்த்தம். புத்தகத்தை பல்கலைக்கழகம் கொடுத்துவிடும். நேரத்தை வீடுதான் கொடுக்கணும்.

மூன்றாவது ஷிஃப்ட்

இது நம் ஊர்ப் பிரச்னை மட்டும் இல்லை. வேலைக்குப் போகும் பெண் வீட்டுக்கு வந்ததும் தொடங்கும் சமையல், குழந்தை, துணி எல்லாவற்றுக்கும் அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் 1989-ல் 'இரண்டாவது ஷிஃப்ட்' என்று பெயர் வைத்தார். 2001-ல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் சங்கம், ஆன்லைனில் படிக்கும் பெண்களைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. செரிஸ் கிரமரே எழுதிய அந்த அறிக்கையின் தலைப்பே 'மூன்றாவது ஷிஃப்ட்'தான். ஆபீஸ் முதல் ஷிஃப்ட், வீடு இரண்டாவது, எல்லோரும் தூங்கிய பிறகோ விடிவதற்கு முன்போ புத்தகத்தைத் திறப்பது மூன்றாவது.

மூன்றாவது ஷிஃப்ட்டில் எது குறையும்? தூக்கம்தான். அடுத்து, உடம்பு. கடைசியில், படிப்பு. முதல் வருடம் ஆர்வமாகச் சேர்ந்து, இரண்டாம் வருடம் இரண்டு பேப்பர் எழுதாமல் விட்டு, மூன்றாம் வருடம் ரீ-ரெஜிஸ்ட்ரேஷன் செய்ய மறந்து, 'நமக்குப் படிப்பு வராதுப்பா' என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். வராதது படிப்பு இல்லை, நேரம். இந்த வித்தியாசத்தை அவர்களுக்கு யாராவது சொல்லணும். அந்த யாராவது நீங்களாக இருக்கலாம்.

வீடு கூட நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மகாராஷ்டிரா கேடர் ஐ.பி.எஸ் அதிகாரி என்.அம்பிகாவின் கதையை வாட்ஸ்அப் ஃபார்வேர்டில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். 14 வயதில் கல்யாணம், 18 வயதில் இரண்டு பெண் குழந்தைகள். கணவர் திண்டுக்கல்லில் காவலர். அதன் பிறகுதான் பத்தாவது, ப்ளஸ் டூ இரண்டையும் தனியாகப் படித்து எழுதி, தொலைநிலைக் கல்வியில் டிகிரி முடித்தார். பிறகு, சென்னையில் தங்கி சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படித்து, நான்காவது முயற்சியில் 2008-ல் வென்றார்.

ஃபார்வேர்டு செய்கிறவர்கள் வழக்கமாக 'பெண்ணின் மன உறுதி'யோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர் சென்னையில் படித்த காலத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டது கணவர் என்பதுதான் நாம் படிக்க வேண்டிய பகுதி. எல்லோரும் ஐ.பி.எஸ் ஆக வேண்டியதில்லை. ஆனால், பி.ஏ முடிப்பதற்கும் அதே ஏற்பாடு, கொஞ்சம் சின்ன அளவில், தேவைப்படுகிறது.

சேர்வதற்கு முன்: ஏமாறாமல் இருக்க...

இப்போது அந்த 'அங்கீகாரம்' விஷயத்துக்கு வருவோம். நகையை அடகு வைத்துக் கட்டிய ஃபீஸ், ராத்திரி ராத்திரியாகப் படித்த மூன்று வருடம், எல்லாம் ஒரே ஒரு தவறான சேர்க்கையால் வீணாகிவிடலாம்.

பெரிய பெயர் என்பதால் மட்டும் நம்பாதீர்கள். 2022 மார்ச்சில் யு.ஜி.சி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அங்கீகாரம் இருந்தது, அதற்குப் பிறகு அனுமதி பெறாமல் நடத்தியவை செல்லாது என்றது அந்த அறிவிப்பு. பல்கலைக்கழகம் நிஜம், பழைமையானது, அரசுடையது. ஆனாலும் இந்த நிலை. ஆகவே பார்க்க வேண்டியது மூன்று: பல்கலைக்கழகம், படிப்பு, நீங்கள் சேரும் கல்வியாண்டு. இந்த மூன்றுக்கும் சேர்த்து அனுமதி இருக்கா என்பதை யு.ஜி.சி-யின் தொலைநிலைக் கல்விப் பிரிவான 'டி.இ.பி' இணையதளத்தில் பார்க்கலாம். போனிலேயே முடியும்.

இன்னும் சில விஷயங்கள்:

* மாநிலப் பல்கலைக்கழகம் தொலைநிலைப் படிப்பைத் தன் மாநில எல்லைக்குள்தான் நடத்தலாம். 'வடநாட்டு யுனிவர்சிட்டி, கரஸ், இங்கேயே எக்ஸாம்' என்று போஸ்டர் பார்த்தால் உஷார்! முழு ஆன்லைன் படிப்புக்கு இந்த எல்லை கிடையாது. ஆனால், அதற்கும் தனி அனுமதி வேண்டும்.

* ஃபிரான்சைஸ் எடுத்து நடத்துவதற்கு விதிமுறையில் இடமே இல்லை. ஃபீஸை எந்த சென்டர்காரரின் ஜிபேவுக்கும் அனுப்பாதீர்கள். பல்கலைக்கழகத் தளத்தில் கட்டி, ரசீதை டவுன்லோடு செய்யுங்கள்.

* 2024 செப்டம்பர் சேர்க்கையிலிருந்து 'டி.இ.பி ஐ.டி' கட்டாயம். ஏ.பி.சி எனப்படும் கிரெடிட் வங்கிக் கணக்கைத் தொடங்கி, அதை வைத்து இந்த ஐ.டி-யை நீங்களே எடுக்கலாம். 'அதெல்லாம் வேண்டாம்' என்று யாராவது சொன்னால், அங்கிருந்து நடையைக் கட்டுங்கள்.

எதையெல்லாம் கரஸில் படிக்க முடியாது?

இன்ஜினீயரிங், மருத்துவம், நர்ஸிங், பார்மசி, பிசியோதெரபி, சட்டம், விவசாயம், ஹோட்டல் மேனேஜ்மென்ட் போன்றவற்றுக்குத் தொலைநிலையில் பட்டம் கிடையாது. பிஹெச்.டி-யும் கிடையாது.

பெண்கள் நிறைய பேர் விரும்பிக் கேட்கும் படிப்பு சைக்காலஜி. அதற்கும் இப்போது தடை. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜி, மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி, உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல் போன்ற சுகாதாரத்துறை சார்ந்த படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி சொல்லிவிட்டது. 'வீட்டுல இருந்தே எம்.எஸ்சி சைக்காலஜி' என்று ரீல்ஸில் பழைய விளம்பரம் வந்தால், தேதியைப் பாருங்கள்.

பி.எட் ஆசை இருக்கிறவர்களுக்கு: தொலைநிலை பி.எட் உண்டு. ஆனால், டிகிரி மட்டும் இருந்தால் போதாது. ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சியை நேரடி முறையில் முடித்தவர்கள், பயிற்சி பெற்றுத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்ப்பவர்கள் போன்றவர்களுக்கானது அது.

ப்ளஸ் டூ முடிக்கலையா? இதைப் படிச்சிட்டு முடிவெடுங்க!

பத்தாவதோடு நின்றவர்களிடம், 'நேரா டிகிரியே போடலாம்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ப்ளஸ் டூ இல்லாதவர்களுக்கு ஓர் ஆயத்தப் படிப்பு வைத்து, அதன் வழியாக டிகிரிக்குள் அழைத்துக்கொள்ளும் ஏற்பாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் இருந்திருக்கிறது. அறிவுக்காகப் படிப்பதென்றால் அருமையான வழி.

ஆனால், தமிழ்நாடு அரசு வேலைதான் கனவு என்றால், இது சிக்கல். பத்தாவது, ப்ளஸ் டூ, அதன் பிறகு டிகிரி என்ற வரிசையில் படித்திருந்தால்தான் திறந்தநிலைப் பட்டத்தை அரசு வேலைக்கு ஏற்போம் என்று 2009 ஆகஸ்ட்டில் அரசாணையே இருக்கிறது. அடிப்படை டிகிரி இல்லாமல் திறந்தநிலையில் நேராக எம்.ஏ வாங்கியவரின் பட்டத்தை ஏற்க முடியாது என்று அதே 2009-ல், தமிழ்நாட்டில் இருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

அதனால், அவசரப்படாமல் தனித்தேர்வராக ப்ளஸ் டூ எழுதி முடியுங்கள். ஒன்றிரண்டு வருடம் கூடுதலாகும். பரவாயில்லை. பின்னாளில் சான்றிதழ் சரிபார்ப்பு மேஜையில் தலைகுனிந்து நிற்பதைவிட அது மேல்.

இனிஷியல் பிரச்னை... சிரிக்காதீங்க, இது சீரியஸ்!

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் அப்பாவின் இனிஷியல். ஆதாரில் கணவரின் இனிஷியல். பேங்க் பாஸ்புக்கில் கணவரின் முழுப்பெயரும் சேர்த்து. கல்யாணமான நம் ஊர்ப் பெண்களில் பலருக்கு இதுதான் நிலை. ஏ.பி.சி கணக்கு, டி.இ.பி ஐ.டி எல்லாம் ஆதாரோடு சம்பந்தப்பட்டவை. பல்கலைக்கழகமோ மார்க் ஷீட்டில் இருக்கும் பெயரைப் பார்க்கும். விண்ணப்பத்தின் கடைசி நாளில் இந்த வித்தியாசம் தெரிந்தால், அந்த வருடம் போச்சு!

சேரும் முடிவு எடுத்த அன்றே எல்லா ஆவணத்தையும் பாயில் பரப்பி வைத்து, பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மார்க் ஷீட் தொலைந்திருந்தால், படித்த பள்ளியில் விசாரித்து, தேர்வுத்துறையிடம் நகல் கேட்கலாம். அதற்கும் நாளாகும் என்பதால் முன்கூட்டியே தொடங்குங்கள்.

அடுத்தது போன் நம்பர். விண்ணப்பத்தை பிரவுஸிங் சென்டர்காரரோ, மகனோ, கணவரோ நிரப்பும்போது, அவர்களின் நம்பரையே கொடுத்துவிடுவார்கள். அதன்பிறகு ஓ.டி.பி, பரீட்சைத் தேதி, அசைன்மென்ட் அறிவிப்பு எல்லாம் அந்த போனுக்குத்தான் போகும். அவர் பார்த்துச் சொன்னால் உண்டு. படிப்பது அம்மா என்றால், நம்பரும் இ-மெயிலும் பாஸ்வேர்டும் அம்மாவுடையதாகவே இருக்கட்டும். இ-மெயில் இல்லை என்றால், இன்று ராத்திரியே ஒன்று ஆரம்பித்துக் கொடுங்கள். ஐந்து நிமிட வேலை.

காலண்டரைக் கையில் எடுங்க

இக்னோவில் பருவத் தேர்வுகள் ஜூன், டிசம்பர் என வருடத்துக்கு இரண்டு முறை. இதை நம் வீட்டுக் காலண்டரோடு பொருத்திப் பாருங்கள். ஜூன் என்றால் பள்ளி திறக்கும் மாதம். யூனிஃபார்ம், ஃபீஸ், புத்தகத்துக்கு அட்டை போடுவது. டிசம்பர் என்றால் பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வு, கூடவே ஓ.எம்.ஆரை மிரட்டும் மழை. பிள்ளைகளின் பரீட்சையும் அம்மாவின் பரீட்சையும் ஒரே நேரத்தில் வந்தால், எந்த வீட்டில் யார் புத்தகத்தை மூடி வைப்பார் என்று சொல்லவே வேண்டாம்!

அதனால், சேர்ந்த முதல் மாதமே சில வேலைகளைச் செய்யுங்கள்:

* முதலில் அசைன்மென்ட். இக்னோவில் பெரும்பாலான படிப்புகளில் 30 சதவிகித மார்க் இதற்குத்தான். இதைக் கொடுக்காமல் பரீட்சை எழுத முடியாது. பிள்ளைகளுக்குப் பரீட்சை இல்லாத மாதங்களில் முடித்துவிடுங்கள்.

* பரீட்சைக்குத் தனியாக விண்ணப்பித்து, தனியாக ஃபீஸ் கட்ட வேண்டும். 'சேரும்போதே கட்டிட்டோமே' என்று இருந்துவிடாதீர்கள். அடுத்த வருடத்துக்கான ரீ-ரெஜிஸ்ட்ரேஷனும் அப்படித்தான். இரண்டுக்கும் போனில் ரிமைண்டர் வையுங்கள்.

* எல்லா பேப்பரையும் ஒரே தடவையில் எழுதியாக வேண்டும் என்பதில்லை. ஒரு பருவத்தில் மூன்று எழுதி, மீதியை அடுத்த பருவத்துக்கு வைக்கலாம். ஆறு வருட அவகாசத்தைப் பயன்படுத்துவது தோல்வி இல்லை. உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் அது வைக்கப்பட்டிருக்கிறது.

* வாரக் கடைசி வகுப்புகள் பெரும்பாலான தியரி பாடங்களுக்குக் கட்டாயம் இல்லை. ஆனாலும், முடிந்தவரை போகச் சொல்லுங்கள். தன்னைப் போலவே இன்னும் பத்துப் பேர் டிபன் பாக்ஸோடு வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது வரும் தெம்பு, பி.டி.எஃப்-ல் வராது. நாவலூரில் இருந்து சைதாப்பேட்டை 20 கிலோமீட்டருக்கு மேல் என்றாலும், சாதாரணக் கட்டண அரசு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை.

தமிழ்வழியில் படிக்க நினைப்பவர்கள் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாடப்பட்டியலையும் பாருங்கள். ஆங்கிலம் பயமுறுத்துகிறது என்ற ஒரே காரணத்துக்காக யாரும் பின்வாங்க வேண்டாம்.

ஃபீஸுக்கு என்ன செய்வது?

கல்லூரிப் படிப்போடு ஒப்பிட்டால் தொலைநிலைக் கட்டணம் குறைவுதான். ஆனால், குறைவு என்பது யாருக்கு என்பதைப் பொறுத்தது. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம், தொலைநிலையில் படிப்பவர்களுக்குப் பொருந்தாது. இக்னோவில் சில படிப்புகளுக்கு எஸ்.சி, எஸ்.டி பிரிவினருக்குக் கட்டண விலக்கு தருவதுண்டு. ஒவ்வொரு சேர்க்கை அறிவிப்பிலும் அது எந்தப் படிப்புக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். மகளிர் உரிமைத்தொகை வரும் வீடு என்றால், அந்த மாதம் 1,000 ரூபாயை ஒரு தனி ஆர்.டி-யில் போட்டு, படிப்புக்கு என்று ஒதுக்கலாம். அது அவருடைய பணம்தானே?

சரி, நீங்க என்ன செய்யணும்?

இதுவரை படித்த உங்களுக்கு 20 வயதோ 25 வயதோ இருக்கலாம். போனில் எல்லாம் செய்யத் தெரிந்தவர் நீங்கள். வீட்டில் ஒருவர் படிக்க நினைத்தால், 'சூப்பர்மா, படிங்க' என்று ஸ்டேட்டஸ் போடுவதோடு நின்றுவிடாதீர்கள். நேரத்தைக் கொடுங்கள்.

எப்படி? வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். உதாரணத்துக்கு, ராத்திரி எட்டு முதல் ஒன்பதரை. அந்த நேரத்தில் டி.வி கிடையாது, 'அம்மா, என் சார்ஜர் எங்கே?' கிடையாது, தோசை வேண்டுமென்றால், வார்க்கத் தெரிந்தவர் வார்த்துக்கொள்ளலாம். தெரியாதவர் கற்றுக்கொள்ளலாம். 'அம்மாவுக்கு ஹெல்ப் பண்றேன்' என்று பொதுவாகச் சொன்னால், அது ஒரு வாரம்கூடத் தாங்காது. 'ராத்திரிப் பாத்திரம் என்னோடது, காலையில் தண்ணி பிடிக்கிறது அப்பாவோடது, துணி தம்பியோடது' என்று பெயர் போட்டு எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பரீட்சை நடக்கும் வாரங்களில் விருந்தாளிகளைக் கூப்பிடாதீர்கள். காதுகுத்து, சீமந்தம் என்று பத்திரிகை வந்தால், அம்மாவுக்குப் பதில் நீங்கள் போய் மொய் எழுதிவிட்டு வாருங்கள். 'ஏன் அம்மா வரலை?' என்று கேட்டால், 'அவங்களுக்கு எக்ஸாம்' என்று சத்தமாகச் சொல்லுங்கள்.

படிப்பவர் நீங்களே என்றால், குற்ற உணர்ச்சி வரும். சாதம் குழைந்தாலும், பிள்ளைக்கு மார்க் குறைந்தாலும், 'இவ படிக்கப் போனதாலதான்' என்ற பேச்சும் வரலாம். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டு நேரத்தை வீணாக்காதீர்கள். உங்கள் பெயர் அச்சடித்த ஹால் டிக்கெட்டை எடுத்துச் சாமி ரூமிலோ, பீரோவிலோ பத்திரமாக வையுங்கள். ரெண்டு பேப்பர் போனால், அடுத்த பருவத்தில் எழுதிக்கொள்ளலாம். அந்த ஆறு வருடக் கணக்கை மட்டும் மறக்க வேண்டாம்.

அடுத்த சேர்க்கை எப்போது என்று இன்றே பாருங்கள். இக்னோவில் ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு வாய்ப்பு உண்டு. பார்த்துவிட்டு, அம்மாவிடமோ, அக்காவிடமோ, அண்ணியிடமோ இரண்டே இரண்டு கேள்வி கேளுங்கள்: "என்ன படிக்க ஆசை? தினமும் எந்த நேரத்தை உங்களுக்கு ஃப்ரீ பண்ணித் தரட்டும்?"

முதல் கேள்வியை அவர்களிடம் எப்போதோ யாராவது கேட்டிருப்பார்கள். இரண்டாவது கேள்வியை நீங்கள்தான் முதன்முதலாகக் கேட்கப்போகிறீர்கள்.